பல்லைக் காட்டும் குரங்கு சிரிக்கவில்லை

மலைக்கோயில் படிக்கட்டில் குரங்கிடம் கடிபட்ட ஒரு சிறுவனின் தந்தை சென்ற மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் வனவிலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவன். அந்தக் குரங்கைப் பிடித்துச் சோதித்து, அதற்கு ரேபிஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி. கடிப்பதற்கு முன் குரங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். "நல்லா சிரிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்றார். இதே வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் குரங்கு சிரிக்கவும் இல்லை, திடீரென்று கடிக்கவும் இல்லை. கடிக்கப் போகிறேன் என்பதை அது தன் முகத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கும்; அந்த முகத்தைப் படிக்க அங்கிருந்த பெரியவர் எவருக்கும் தெரியவில்லை.

அவருடைய கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. உயிரோடு திரியும் குரங்கைப் பார்த்து ரேபிஸ் இல்லை என்று எந்த மருத்துவரும் உறுதி கூற இயலாது. இறந்த விலங்கின் மூளைத் திசுவைச் சோதித்தால்தான் அது நிச்சயமாகத் தெரியும். கடித்த விலங்கைப் பத்து நாள் கவனித்துப் பார்ப்பது என்ற முறை நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே உரியது. அங்கும்கூட ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். குரங்கு கடித்தாலும், நகத்தால் கீறி இரத்தம் வந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் கசிந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அட்டையில் குறித்துக் கொடுத்த தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குப் பயம் அதிகம்.

இனி அந்தச் 'சிரிப்பு'க்கு வருகிறேன். மனிதன் மகிழ்ச்சியில் பல்லைக் காட்டுகிறான், ஆகவே குரங்கும் மகிழ்ச்சியில்தான் பல்லைக் காட்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். நம் ஊர்க் கோயில்களிலும் சுற்றுலா இடங்களிலும் நாம் காணும் நாட்டுக்குரங்கு உதடுகளைப் பின்னுக்கு இழுத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்ந்து தெரியும்படி காட்டினால் அது அச்சத்தின் அடையாளம். தன் கூட்டத்தில் தன்னைவிட வலிய குரங்கின் முன்னால் ஒடுங்கி நிற்கும்போது அது இந்த முகத்தைத்தான் காட்டும். பயந்த குரங்கு ஓட இடமிருந்தால் ஓடிவிடும். படிக்கட்டின் கைப்பிடிச் சுவருக்கும், கையில் கைப்பேசியோடு நிற்கும் அப்பாவுக்கும், பொரி நீட்டும் குழந்தைக்கும் நடுவில் சிக்கிய குரங்குக்கு ஓட இடம் ஏது? அது கடிக்கும்.

வேறொரு முகமும் உண்டு. வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை மேலே தூக்கி, கண்ணிமைக்கு மேலுள்ள வெளிறிய தோல் தெரிய, கண் எடுக்காமல் உற்றுப் பார்த்தால் அது மிரட்டல். இந்த முகத்தில் பற்கள் பெரும்பாலும் மறைந்தே இருக்கும் என்பதால் மக்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. "வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்குது" என்பார்கள். மூன்றாவது, கொட்டாவி. வளர்ந்த ஆண் குரங்கு, கூட்டம் நெருக்கும் நேரத்தில் கோரைப்பற்கள் முழுவதும் தெரியக் கொட்டாவி விட்டால், அதற்குத் தூக்கம் வருகிறது என்று எண்ணாதீர்கள். அது பதற்றத்தில் இருக்கிறது. நட்பைக் காட்டும் முகம் இவற்றில் எதுவும் இல்லை. உதடுகளை வேகமாக மூடித் திறந்து மெல்லிய 'சப் சப்' ஒலி எழுப்புவதே குரங்குகளுக்குள் இணக்கத்தின் அறிகுறி, அதில் பல் தெரிவதே இல்லை.

இப்போது குழந்தையின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். குழந்தை குரங்கின் கண்ணை நேராகப் பார்க்கிறது, பல் தெரியச் சிரிக்கிறது, கையை நீட்டியபடி முன்னே நகர்கிறது. உற்றுப் பார்ப்பது குரங்குக்கு மிரட்டல். முன்னே வருவதும் மிரட்டல். தெரியும் பற்களோ அதற்கு நேர்மாறான செய்தி. குழம்பிய, அஞ்சிய விலங்கின் முன்னால், அதன் முகத்துக்கு நேர் உயரத்தில் ஒரு குழந்தை முகம் இருக்கிறது. அப்பா அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதற்குப் பிறகு நடப்பதைத் 'திடீர்' என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. 1961 ஜனவரி 31 அன்று அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய ஹாம் என்ற சிம்பன்சி உயிரோடு திரும்பியபோது எடுத்த படத்தில் அதன் பற்கள் அகலத் தெரிந்தன. பயணத்தை மகிழ்ந்து கொண்டாடுகிறது என்று உலகம் அதைப் பார்த்துப் பூரித்தது. சிம்பன்சிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் குடால், அது கடும் அச்சத்தின் முகம் என்றார். விளையாட்டில் மகிழ்ந்திருக்கும் சிம்பன்சி வாயைத் தளர்வாகத் திறந்திருக்கும், மேல்வரிசைப் பற்களை மேலுதடு மூடியிருக்கும். விளம்பரங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் சட்டை போட்டுப் பல்லைக் காட்டும் சிம்பன்சியைக் குழந்தைக்குக் காட்டி "பார், எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்று சொல்லும்போது, நாம் அதற்குக் கற்றுக்கொடுப்பது தலைகீழ்ப் பாடம்.

குழந்தைகளுக்கு உலக விலங்குகளை அறிமுகம் செய்யும் அட்டைகளும் சுவரொட்டிகளும் இன்று ஏராளம். அவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெயர் சொல்லத் தெரிவதையே விலங்கை அறிந்துவிட்டதாகக் கொள்கிறோம். பள்ளிகளில் வகுப்பெடுக்கும்போது நீர்யானையின் படத்தைக் காட்டினால் எல்லாக் கைகளும் உயரும். "வாயை ஏன் திறந்திருக்கிறது?" என்று கேட்டால், பசி என்றும் கொட்டாவி என்றும் சிரிப்பு என்றும் பதில்கள் வரும். ஆப்பிரிக்க ஆறுகளில் நீர்யானை அப்படி வாயைப் பிளப்பது பெரும்பாலும் 'இது என் இடம், விலகு' என்னும் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கோரைப்பற்கள் அரை மீட்டர் வரை வளரக்கூடியவை. புல் தின்னும் விலங்குதான். படகில் போகிறவர்களைக் கொல்வதற்கு அது இறைச்சி தின்ன வேண்டிய அவசியம் இல்லை.

புல் தின்பது சாது என்ற இந்த எண்ணம் நம் மலைகளில் தினமும் கண் முன்னே நடமாடுகிறது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் தேயிலைத் தோட்டத்திலும் தெருவிலும் வந்து நிற்கும் காட்டுமாட்டின் அருகில் குழந்தையை நிறுத்திப் படமெடுப்பவர்களை நான் கண்டிக்காத பருவம் இல்லை. வளர்ந்த ஆண் காட்டுமாடு ஒரு டன் எடையை எட்டக்கூடியது. கோபம் கொண்டால் உடனே குனிந்து பாய்ந்துவிடாது. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகின் மேடு எடுப்பாகத் தெரிய, தலையைச் சற்றுத் தாழ்த்தி, விறைத்த கால்களால் மெல்ல ஓரிரு அடி வைக்கும். நடுவில் மூக்கால் ஒரு சீறல் வரும். தன் முழு அளவையும் எதிரிக்குக் காட்டும் முறை இது. "அழகா போஸ் கொடுக்குது" என்று சுற்றுலாப் பயணிகள் மேலும் நெருங்குவதும் சரியாக இந்த நேரத்தில்தான். ஐயா, அது போஸ் அல்ல. பின்வாங்குங்கள், முதுகைக் காட்டி ஓடாமல், பார்த்தபடியே மெதுவாக விலகுங்கள்.

யானையின் 'கண்ணீர்' இன்னொரு தொல்லை. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் உள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வடிந்து கன்னத்தில் கருங்கோடாகக் காய்ந்திருப்பதைப் பார்த்து, யானை அழுகிறது என்று குழந்தையை அருகில் கூட்டிப்போகும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். ஆண் யானையிடம் அந்தக் கோடு தெரிந்தால், பாகன் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பக்கத்தில் போகக் கூடாது. அதேபோல, தந்தம் இல்லாததெல்லாம் பெண் யானை என்று பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆசிய யானைகளில் தந்தமே வளராத ஆண்கள் உண்டு. நம் வனத்துறையினர் அவற்றை மக்னா என்பார்கள். தந்தமில்லை என்பதால் மக்னா சாதுவாகிவிடாது, மதமும் அதற்கு வரும். ஆப்பிரிக்க யானையிலோ பெண்ணுக்கும் தந்தம் உண்டு. ஆகவே எந்த யானை, எந்த ஊர் யானை என்று காதின் அளவையும் முதுகின் வளைவையும் பார்த்துச் சொல்லக் குழந்தைக்குப் பழக்குங்கள். விரித்துப் பிடித்த காதும் சுருட்டிய துதிக்கையும் வந்தால் எத்தனை தூரம் விலக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

நிறத்தை வைத்து அடையாளம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைப்புலி தனி இனம் என்றும் கருஞ்சிறுத்தை தனி இனம் என்றும் ஆசிரியர்களே தவறாக நம்புகிறார்கள். 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒற்றை வெள்ளைக்குட்டியின் வழிவந்தவையே இன்றைக்கு உயிரியல் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. அந்த நிறத்துக்காக உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் வந்த மாறுகண் முதலான குறைகளை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். நிறம் ஏமாற்றும். மேல்தோலில் உள்ள குறிகளைப் பாருங்கள்: கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு ஓடினால் சிவிங்கிப்புலி, ரோஜா வடிவப் புள்ளிகளுக்குள் சிறு புள்ளிகளும் இருந்தால் தென்னமெரிக்கக் காடுகளின் ஜாகுவார், அவை இல்லாவிட்டால் நம் சிறுத்தை.

சில விலங்குகள் பாவம், அவற்றின் வாயின் அமைப்பே சிரிப்புப் போல் இருக்கிறது. ஓங்கில் (டால்பின்) செத்துக் கிடந்தாலும் அதே 'புன்னகை'யோடுதான் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் தீவில் உள்ள குவாக்கா என்ற சிறு விலங்கோடு சிரித்துப் படமெடுப்பது உலகப் பழக்கமாகிவிட்டது. அதைத் தொடவோ உணவு கொடுக்கவோ அங்கே தடை உண்டு. அமராவதி அணைக்கரையில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் முதலை சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை, உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருக்கும் தென்கிழக்காசியத் தேவாங்குகளின் காணொளிகள். கிச்சுகிச்சு மூட்டினால் இன்னும் வேண்டுமென்று கை தூக்கிக் கேட்கிறது என்று குழந்தைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தத் தேவாங்கு முழங்கையருகே உள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி வைத்துக்கொள்கிறது. அது தற்காப்பு நிலை. சந்தைக்குக் கொண்டுவரும்போது கடிக்காமலிருக்க அதன் பற்களைக் கிள்ளிவிடுவதும் உண்டு. நம் ஊர் மகுடியின் முன் 'ஆடும்' நல்லபாம்பும் இதே வரிசைதான்: அது இசையைக் கேட்டு ஆடுவதில்லை, அசையும் மகுடியைத் தாக்கத் தயாராக நிற்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் சொல்வது இதுதான். படத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டு நிறுத்தாதீர்கள். காது எப்படி இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது, அதன் பின்னால் ஓட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு இவை எளிய கேள்விகள். எந்த விலங்கைப் பற்றியும் அதன் முகம் மனித முகம்போல் இருப்பதாகச் சொல்லிச் சிரிப்பு மூட்டாதீர்கள். குரங்கு இருக்கும் இடத்தில் தின்பண்டப் பையைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் குரங்கு பிடுங்கினால் திருப்பி இழுக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். உற்றுப் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டக் கூடாது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது. உயிரியல் பூங்காவில் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடும் உங்கள் கையைத்தான் குழந்தை முதலில் பார்த்துக் கற்கிறது. அந்தக் கையை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

கைப்பேசியையும் உள்ளே வையுங்கள். விலங்கோடு நெருக்கமாக நிற்கும் குழந்தையின் காணொளியை விரும்பியும் பகிர்ந்தும் பாராட்டும் ஒவ்வொருவரும் அடுத்த வார விடுமுறையில் இன்னொரு தந்தையை அதே படிக்கட்டுக்கு அனுப்புகிறார்கள். அத்தகைய காணொளி உங்கள் குடும்பக் குழுவில் வந்தால் இதய அடையாளம் இடாமல், அந்த விலங்கின் முகம் என்ன சொல்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.