ராத்திரியில் மட்டும் ஏன் நாறுகிறது?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். மகளைத் திருவாரூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகன் வயலைத் தாண்டி ஓர் எரிவாயுக் கிணறு. “பகலில் போய் நின்றால் ஒன்றும் தெரியவில்லை ஐயா. விடியற்காலை வாசல் தெளிக்க எழுந்தால் மூக்கைத் துளைக்கிறது என்கிறாள். வெயில் ஏறினால் போய்விடுகிறதாம். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் எதையோ திறந்துவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அவள் மாமியார், அந்த இடத்து முனி ராத்திரியில் இறங்குகிறது என்கிறார். எது உண்மை?”

யாராவது திறந்துவிடுகிறார்களா என்பதைக் கிணற்றின் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்பதற்கு ஊருக்கு உரிமை உண்டு, கேட்க வேண்டும். ஆனால் யாரும் எதையும் திறக்காமல், இருபத்து நாலு மணி நேரமும் ஒரே அளவாகக் கசிந்துகொண்டிருக்கும் ஒரு குழாய் மூட்டுகூட, பகலில் நாறாமல் விடியலில் நாறும். அந்தக் காரணம் குன்னூர் அம்மாவின் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், கண்ணால் பார்க்கும்படியே இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் குளிரும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியைவிட 2,637 மீட்டர் தொட்டபெட்டா குளிராகத்தான் இருக்க வேண்டும். நண்பகலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஜனவரி விடியலில் உறைபனி எங்கே விழுகிறது? தலைகுந்தாவில், காந்தலில், குதிரைப் பந்தய மைதானத்தில். எல்லாம் பள்ளம். புல்தரை வெள்ளை வெளேரென்று கிடக்க, அதற்கு நேர் மேலே சரிவில் இருக்கும் செடிகள் பச்சையாகவே நிற்கும். தேயிலை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். சதுப்பை ஒட்டிய வரிசைகள்தான் முதலில் கருகும், மேட்டு வரிசைகள் தப்பும். உயரம் கூடக் கூடக் குளிரும் என்ற பாடம் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது. வானிலையாளர்கள் இதை வெப்பத் தலைகீழாக்கம் என்பார்கள்.

எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த காட்சி இது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட ஆரம்பிக்கிறது. மேகமில்லாத இரவென்றால் அதைத் தடுத்துத் திருப்பியனுப்ப மேலே ஆளில்லை. காற்று தரையைப் போல வேகமாக வெப்பத்தை விடாது. ஆகவே முதலில் குளிர்வது தரை. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று தரையால் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சமவெளியாக இருந்தால் பாய் விரித்த மாதிரி அங்கேயே படுத்துவிடும். மலைச்சரிவாக இருந்தால் வழியத் தொடங்கும். சத்தமில்லாமல், ஆள் நடக்கும் வேகத்தில், சில சமயம் அதைவிட மெதுவாக. மாலையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நிற்கும்போது முகத்தில் காற்றே இல்லாமல் கணுக்காலில் மட்டும் சில்லென்று ஏதோ ஓடுவதை உணர்ந்திருப்பீர்கள். ஓடுவது அந்தக் காற்றுதான். ஓடை போகும் வழியிலேயே அதுவும் போகும். பள்ளத்தை அடைந்தால் குளம் போலத் தேங்கும். விடியும்வரை குளம் நிறைந்துகொண்டே இருக்கும்.

இந்த மலையில் காலங்காலமாக இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் சரிவின் இடுப்பில், மேட்டு நிலத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். குளிர்க்குளத்தின் மேல்மட்டத்துக்கு மேலே இரவில் ஒரு மிதமான பட்டை இருக்கும். வெப்பமானி இல்லாத காலத்திலேயே அதைக் கண்டுபிடித்து வீடு கட்டியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

குளத்தின் மேல்மட்டத்தையும் பார்க்கலாம். விடியலில் தொட்டபெட்டா சாலையின் வளைவு ஒன்றில் நின்று கேத்திப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். விறகடுப்புப் புகை நேராக எழும்பும். எழும்பி, ஓரிடத்தில் தலை தட்டியது போல நின்று, பக்கவாட்டில் படுத்துவிடும். பத்து வீட்டுப் புகையும் ஒரே உயரத்தில் படுத்து நீலச் சீலை விரித்தாற்போல் கிடக்கும். அந்த உயரத்தில் கூரை எதுவும் இல்லை. மேலே எழும்பும் காற்று விரிவடைகிறது, விரிந்தால் குளிர்கிறது, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. சுற்றியுள்ள காற்றும் மேலே போகப் போகக் குளிர்ந்துகொண்டிருந்தால், புகை அதைவிடச் சூடாக இருந்து தொடர்ந்து ஏற வாய்ப்புண்டு. தலைகீழான இரவில் மேலே இருப்பது சூடான காற்று. ஏறிவரும் புகை குளிர்ந்துகொண்டே வர, அதன் சுற்றம் சூடாகிக்கொண்டே வருகிறது. சீக்கிரமே புகை தன் சுற்றத்தைவிடக் கனமாகி நின்றுவிடுகிறது. மேலே தள்ளிவிட்டாலும் கீழேயே திரும்பும். ஒன்பது மணி வெயில் தரையைச் சூடாக்கி, அடியிலிருந்து காற்றைக் கிளப்பும்வரை அந்த மூடி திறக்காது.

போகிப் பண்டிகை விடியலில் சென்னையில் விமானங்கள் தாமதமாவதும் இந்த மூடியால்தான். அதே குப்பையை மத்தியானம் இரண்டு மணிக்கு எரித்தால் புகை அவ்வளவு தங்காது. நண்பகலில் காற்று தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலங்கிப் புரள்கிறது. குளிர்கால இரவில் அந்த உயரம் நூறு இருநூறு மீட்டராகச் சுருங்கலாம். ஒரே அளவு கசிவு, பத்தில் ஒரு பங்கு அறை. டெல்டாவில் மலை இல்லையே என்றால், தேவையில்லை. மார்கழி விடியலில் வயலின் மேல் இடுப்பளவு மூடுபனி நிற்கிறதே, அது விரித்த பாய் போன்ற குளிர்காற்றின் அடையாளம். திருவாரூர் மகளின் மூக்கு சொல்வது சரி.

எரிவாயுக் கிணற்றைப் பாதுகாப்பாக வைக்கும் மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளையின் உள்ளே எஃகுக் குழாய், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட், துளைக்கும்போது உள்ளழுத்தத்தை எதிர்க்கக் கனமான சேற்றுக் குழம்பு, எல்லாம் தவறினால் வாயை அடைக்க மேலே ராட்சத வால்வுகள். இவை பெரிய விபத்தைத் தடுப்பதற்கானவை. தினசரி கசியும் சின்னச் சின்ன ஆவிகளுக்குத் தடுப்பு, கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரமும் நடுவிலிருக்கும் காற்றும்தான்.

எந்த ஆவி என்பது முக்கியம். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு வாசனை கிடையாது, காற்றைவிட லேசு. கூடவே வரும் திரவங்களின் ஆவியில் பென்சீன் இருக்கலாம். அது ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது, அதனால்தான் நம் நாட்டுக் காற்றுத் தர விதியில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சில வயல்களின் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம், காற்றைவிடச் சற்றுக் கனம். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மிகச் சிறிய அளவிலேயே மூக்கு இதைப் பிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து அங்கேயே நிற்பவர்தான் உயிரை இழக்கிறார்.

மெக்சிகோவின் போசா ரிக்கா நகரில் 1950 நவம்பர் 24 அன்று நடந்தது அதுதான். விடிவதற்கு முன், மூடுபனி, அசையாத காற்று, தலைகீழான வெப்பம். வாயுச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அரைமணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறியது. 22 பேர் இறந்தார்கள், 320 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சீனாவில் சோங்சிங் பகுதியின் மலைக் கிராமங்களுக்கு நடுவே 2003 டிசம்பர் 23 இரவில் ஒரு கிணறு பீறிட்டபோது 243 பேர் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே. பள்ளத்தாக்கு, இரவு, குளிர்காலம் மூன்றும் சேர்ந்துகொண்டன.

அந்த இரண்டாவது விபத்தில் கிணற்றை மறுநாள் மாலைதான் பற்றவைத்தார்கள். பீறிடும் வாயுவுக்குத் தீ வைப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். நம் மூடியை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த வாயு மூடிக்கு அடியில் ஊர்ந்து வீடுகளுக்குள் புகுகிறது. பற்றவைத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தக டை ஆக்சைடாக மாறுகிறது. அதுவும் கெடுதல்தான், ஆனால் அதைவிடக் கொடுமை குறைந்தது. அதோடு தீயின் சூடு புகையை ஈட்டி போல மேலே தள்ளி மூடியைக் கிழித்துக்கொண்டு போகவும் வைக்கும். வாயு வயல்களில் உயரமான குழாயின் நுனியில் எப்போதும் தீ எரியும் ரகசியத்தில் பாதி இதுதான். அந்தத் தீ அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருக்கிறது என்றால், ஊர் உடனே புகார் சொல்ல வேண்டும்.

நச்சு மூச்சை அடைப்பதோடு முடிவதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் என்று ஒரு சிற்றூர். உயரம் ஏறத்தாழ 2,190 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி. சுற்றிலும் எரிவாயுக் கிணறுகள். மக்கள் தொகை ஏறக்குறைய இரண்டாயிரம்தான். 2005 வாக்கில் அங்கே கடுங்குளிர் காலத்தில் தரையோரக் காற்றில் ஓசோன் எகிறுவதைக் கண்டார்கள். ஓசோன் என்பது வாகன நெரிசல் உள்ள பெருநகரங்களின் கோடைக்கால வியாதி என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆராய்ந்தபோது, கிணறுகளின் ஆவியும் எந்திரங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குளிர்க்காற்றின் மூடிக்கு அடியில் பகலிலும் அடைபட்டுக் கிடந்தன. தரையெல்லாம் வானிலிருந்து கொட்டிய வெண்பனி. அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்ப, அடைபட்ட காற்றுக்குப் புற ஊதாக் கதிர் மேலிருந்தும் கீழிருந்தும் இரட்டிப்பாகக் கிடைத்தது. அந்த ஒளியில் சமைந்ததுதான் ஓசோன். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது எதிரி. 2012-ல் அந்தப் பகுதியே காற்றுத் தரம் தவறிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. நீலகிரியில் எண்ணெய்க் கிணறு இல்லை, அப்படி வெண்பனி கொட்டித் தரையை மூடுவதும் இல்லை. ஆனாலும் நம் உயரத்தில் இருக்கும் ஓர் ஊரின் கதை என்பதால் என்னால் அதை மறக்க முடியவில்லை.

தூரம் வைப்பது பற்றி. கலிஃபோர்னியா 2022-ல் புதிய கிணறுகள் வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 3,200 அடி தள்ளி, அதாவது ஏறக்குறைய 975 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. கொலராடோ 2020-ல் 2,000 அடி என்றது. தமிழ்நாடு அதே 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய கிணறுகளுக்குக் கதவடைத்தது. பழைய கிணறுகள் இருக்கின்றன, அவற்றின் அருகில் மக்களும் இருக்கிறார்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது தெருவில் இறங்கியவர்கள் அந்த மக்கள்தான். தூரத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வரைபடத்தில் வட்டம் போட்டால் போதாது. காற்று வட்டமாகப் போவதில்லை, பள்ளம் பார்த்துப் போகிறது. வாயுவை வெளியேற்றும் வேலைகள், சோதனைகள், தொட்டி மாற்றுவது, இவற்றைக் காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலு மணிக்குள் செய்தால் அதே ஆவி பெரும்பாலும் மேலே போய்க் கரைந்துவிடும். பெரிய செலவில்லாத ஏற்பாடு. அதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதலாம்.

அளப்பதிலும் கோளாறு இருக்கிறது. ஆள் வைத்துக் காற்றை அளக்கும் நம் கைமுறைக் கணக்கில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடு, ஒவ்வொன்றும் 24 மணி நேரச் சராசரி. அதிகாலை நாலிலிருந்து ஏழு வரை எகிறி மீதி நேரம் அடங்கிக் கிடக்கும் ஆவியைச் சராசரி விழுங்கிவிடும். கிணற்றருகில் மணிக்கு மணி பதிவாகும் கருவி வேண்டும், அதுவும் வாசல் தெளிப்பவரின் மூக்கு உயரத்தில். கூடவே ஒரு கம்பம், அதில் வெவ்வேறு உயரங்களில் நாலு வெப்பமானிகள். மூடி எப்போது விழுகிறது, எப்போது திறக்கிறது என்று அவை சொல்லிவிடும். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரையில் மலைச்சரிவையே சாய்தளமாக்கி 1970-ல் ரேடியோ தொலைநோக்கி கட்டிய நாடு இது. அந்தத் தொலைநோக்கியை நேசிப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன். டெல்டாக் கல்லூரிகளுக்கு நாலு வெப்பமானிக்கு ஆய்வு நிதி கொடுக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

மாமியார் சொன்ன முனியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முனியை நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தில் ராத்திரி ஏதோ இறங்குகிறது என்று பார்த்தவர் பொய் சொல்லவில்லை. இறங்குவதன் பெயர்தான் வேறு. அவர் கவனிப்பைத் தூக்கி எறியாமல் எழுதி வையுங்கள்.

மகளுக்கு என்ன செய்யச் சொல்வது என்று அம்மா கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதியதை இங்கேயும் தருகிறேன். முட்டை நாற்றம் கடுமையாக அடித்தாலோ, அடித்துச் சட்டென்று நின்றாலோ, தீக்குச்சி உரசாமல், சுவிட்சைத் தொடாமல், காற்று வரும் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியேறுங்கள். வாய்க்காலிலோ பள்ளத்திலோ இறங்க வேண்டாம். சாலை மேடு, வரப்பு மேடு என்று மேடு பார்த்துப் போங்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் போகாதீர்கள், 108, 101 எண்களைக் கூப்பிடுங்கள். சாதாரண நாட்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், என்ன வாடை, மூடுபனி உண்டா, துணிக்கொடியில் கட்டிய நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது, குழாய் நுனியில் தீ எரிகிறதா. மார்கழி முழுக்க எழுதுங்கள். அம்மா குன்னூரில் இன்னொரு நோட்டு வைத்து, எந்தக் காலை பள்ளத்தில் புகை படுத்துக் கிடந்தது என்று குறித்து வரட்டும். மகளின் நோட்டை ஊரார் கையெழுத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் இரண்டு நோட்டையும் எனக்கு அனுப்பினால் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கிறேன்.