புல்லுருவியை நட்டுவைக்கும் பூக்கொத்தி

மாமரக் கிளையில் மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத இலைக்கொத்து ஒன்று அடர்ந்து நிற்கும். இலையும் வேறு, பூவும் வேறு. அதுதான் புல்லுருவி. மண்ணில் பிழைக்கத் தெரியாத அந்தச் செடி அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனது? பெரும்பாலும் கொண்டுபோய் வைத்தது பூக்கொத்திதான்.

நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று இது. மொத்த நீளமே சுமார் 8 சென்டிமீட்டர். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு மங்கல் வெள்ளை, வெளிறிய இளஞ்சிவப்பில் சற்றே வளைந்த குட்டை அலகு. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. தேன்சிட்டின் மினுமினுப்பு இதற்குக் கிடையாது என்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை.

புல்லுருவிப் பழத்துக்குள் ஒரே விதை. சுற்றிலும் பசைபோன்ற சதை. விரலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. பூக்கொத்தி அதை அப்படியே விழுங்கிவிடும். தின்றது பூச்சி என்றால் அரைக்கும் இரைப்பைக்குப் போகும். பழமோ இரைப்பைக்குள் நுழையாமல் நேரே குடலுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் சில நிமிடங்களிலேயே விதை சேதமில்லாமல், பசையோடு வெளியே வருகிறது. ஆனால் கீழே விழாது, பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நடப்பது எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி: குருவி கிளையில் குந்தி, உடம்பைத் தாழ்த்தி, அடிப்பக்கத்தைப் பட்டையில் தேய்க்கும். விதை கிளையோடு ஒட்டிவிடும். சில சமயம் இரண்டு மூன்று விதைகள் ஒரே பசை நூலில் மணி கோத்ததுபோல் தொங்கும்.

ஒட்டிய விதையிலிருந்து பச்சை முளை நீண்டு, வளைந்து பட்டையைத் தொடும். தொட்ட இடத்தில் வட்டமாகப் படிந்து, உள்ளே துளைத்து மரத்தின் நீரை உறிஞ்சத் தொடங்கும். தரையில் விழுந்த விதைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

மேற்குக் கரையோரக் கொங்கணப் பகுதியில் தேன்சிட்டு புல்லுருவிப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதையும், பூக்கொத்தி விதை பரப்புவதையும் பறவையியலாளர் சலீம் அலி 1931இல் விரிவாக எழுதினார்.

தோப்புக்காரர்களின் கோபம் நியாயமானதுதான். புல்லுருவி மண்டினால் கிளை நலிந்துபோகும். பாதித்த கிளையை வெட்டட்டும். ஆனால் எங்கே கண்டாலும் அழிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்று வளர்வது இந்த இலைகளைத்தான்.

சரி, பூக்கொத்தியை எங்கே பார்ப்பது? காட்டுக்குப் போக வேண்டாம். தெருவோரத் தேன்பழ மரம் போதும், அந்தப் பழமென்றால் இதற்கு உயிர். மரத்தடியில் நின்று காதைக் கொடுங்கள். இலைகளுக்குள் விடாமல் 'டிக், டிக்' என்று கேட்டால் அண்ணாந்து பாருங்கள்.