சேம்பர் பக்கத்தில் மூச்சு விடாதீர்கள்

நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே பள்ளங்களில் கிடக்கும் பீட் சதுப்புகளுக்கு ஆராய்ச்சி மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அழைத்துப் போவது என் வேலையில் ஒரு பகுதி. வந்து இறங்கியதுமே வாயு அளக்கும் கருவியைத் திறக்கத் துடிப்பார்கள். முதல் நாள் அதைப் பெட்டியை விட்டு எடுப்பதே இல்லை. எங்கே கால் வைப்பது, எப்போது அசையாமல் நிற்பது என்பதுதான் அன்றைய பாடம்.

முழுதாக மக்காத தாவரங்கள் தண்ணீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவானதுதான் பீட். ஆக்ஸிஜன் எட்டாததால் கார்பன் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் பீட் நிலம். ஆனால் காடுகளின் மரஞ்செடிகள் அத்தனையும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. நீலகிரிச் சதுப்புகள் பரப்பில் சிறியவைதான். ஆனாலும் இங்கே தோண்டியெடுத்த பீட்டிலிருந்து சுமார் 20,000 ஆண்டுகளின் பருவநிலை வரலாற்றை சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து காய்கறி போட்டால், அந்தச் சேமிப்பு கார்பன் டை ஆக்ஸைடாகக் கிளம்பத் தொடங்கும்.

அதை அளக்க, மண்ணில் முன்கூட்டியே பதித்த பிவிசி வளையத்தின் மேல் சேம்பர் என்கிற பெட்டியைக் கவிழ்த்துச் சில நிமிடம் வைக்கிறோம். உள்ளே வாயு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதுதான் கணக்கு. ஊறிய பீட்டுக்குள் மீத்தேன் குமிழ்கள் சிக்கிக் கிடக்கும். பக்கத்தில் ஒருவர் எட்டு வைத்தால் போதும், அவை பிதுங்கி மேலே வரும். 1.9 பிபிஎம்மில் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொடங்கி மெல்ல ஏறிக்கொண்டிருந்த மீத்தேன் கோடு திரையில் படிக்கட்டு மாதிரி சட்டென்று எகிறும். "மேடம், ஹாட்ஸ்பாட்!" என்று, வாயு அதிகம் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் குரல் வரும். சதுப்பு தானாக விட்டிருக்கலாம். பெரும்பாலும் பூட்ஸ் மிதித்து விட்டதாகத்தான் இருக்கும். பலகை போட்டு அதன் மேல் மட்டுமே நிற்கச் சொல்வது இதனால்தான். வளையம் பதித்த அன்றே எடுத்த அளவையும் நான் ஏற்பதில்லை. வேர் அறுபட்டு, மண் கலங்கிக் கிடக்கும் நேரம் அது.

மூச்சு இன்னொரு வம்பு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 420 பிபிஎம். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. சேம்பரை மூடும் நொடியில் குனிந்து பேசினால், அந்த அளவீடு மண்ணைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. சேம்பரைத் தாண்டிக் காற்று உங்கள் பக்கம் வரும்படி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடப் பழகுங்கள்.

மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது மண் எடுப்பது. ரஷ்யன் கோரர் என்ற அரைக்குழாய்க் கருவியை அழுத்தி இறக்கி, அரைவட்டம் திருப்பி, இழுத்தால் பழுப்பும் கறுப்புமாக ஒரு துண்டு வரும். நிறத்தை உடனே எழுதுங்கள், காற்றுப் பட்டதும் கறுக்க ஆரம்பித்துவிடும். பிறகு ஒரு பிடி எடுத்துக் கைக்குள் பிழியுங்கள். தெளிந்த நீர் மட்டும் வந்தால் மக்கவே இல்லை. பிடித்தது மொத்தமும் விரலிடுக்கில் வழிந்து போனால் முழுக்க மக்கிவிட்டது. ஸ்வீடன்காரர் வான் போஸ்ட் வகுத்த இந்தப் பத்துப் படி அளவுகோலுக்கு மின்சாரம் வேண்டாம், கூச்சம் இல்லாத கை வேண்டும். அடுத்த ஆழத்துக்கு அதே குழியில் இறக்காதீர்கள், கருவியின் மூக்கு அங்கே ஏற்கெனவே கலக்கியிருக்கும். பக்கத்துக் குழிக்கு மாறுங்கள். மேல்நுனி எது, அடிநுனி எது என்று பென்சிலால் குறியுங்கள். மழையில் பேனா மை நிற்காது. தலைகீழாக ஆய்வகம் வந்து சேர்ந்த துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மண் மாதிரியை அமுக்கி அடைத்தால் அதன் அடர்த்தி மாறிவிடும். அதனால் வரும் பிழை சின்னதில்லை. ஒரு ஹெக்டேரில் 1 மீட்டர் ஆழத்துக்கு பீட், கன மீட்டருக்கு 100 கிலோ உலர் எடை, அதில் பாதி கார்பன் என்று வையுங்கள்: 500 டன் கார்பன். அடர்த்தியில் 20 சதவீதம் பிசகினால் ஹெக்டேருக்கு 100 டன் பிசகு. எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் பிறகு அதைச் சரிசெய்யாது.

நீர்மட்டம் பார்க்க மின்னணு உணரி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். துளையிட்ட பிவிசி குழாயை நட்டு, அதற்குள் ஒல்லிக் குழாயை வாயால் ஊதிக்கொண்டே இறக்குங்கள். களகளவென்று குமிழிச் சத்தம் கேட்கும் இடம்தான் நீர்மட்டம்.

எங்கே புதையும், எங்கே தாங்கும் என்பதை அங்கே எருமை மேய்க்கும் தோடர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தனியாக இறங்கவே கூடாது. காட்டெருமை நடமாடும் இடம், ஆகவே வனத்துறை ஆள் துணையில்லாமல் இரவு அளவீடும் வேண்டாம். பகலிலேயே சேம்பரைக் கறுப்புத் துணியால் மூடி, ஒளிச்சேர்க்கை இல்லாத நிலையை அளக்கலாம். இரவுக் குளிர் அதில் வராது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை வசதி பார்த்து மாணவர்களை மே மாதத்தில் மட்டும் அனுப்புகிறீர்கள். கோடையில் எடுத்த அளவை 12 மாதத்துக்கும் பெருக்கி ஆய்வேட்டில் போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பியிருக்கும்போதும், ஜனவரி உறைபனியிலும் ஒரு தடவையாவது அனுப்புங்கள். அனுமதிக் கடிதம் கையில் கிடைக்க மாதங்கள் ஆகும். அக்டோபர் பயணத்துக்கான விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள்.