சீட்டைக் காலிலிருந்து சரிசெய்யுங்கள்

இடுப்பு வலி, கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம் என்று பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, "தினமும் கார் ஓட்டுறீங்களா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "சீட்டைக் கடைசியா எப்ப அட்ஜஸ்ட் பண்ணீங்க?" இதற்குச் சட்டென்று பதில் வராது. புது வண்டி என்றால் ஷோரூமில் இருந்தபடியே இருக்கும். பழைய வண்டி வாங்கியவருக்கு, முன்பு ஓட்டியவரின் உயரத்துக்கு வைத்ததுதான் இன்றுவரைக்கும். ரோடு மோசம், வயதாகிவிட்டது, வண்டி குதிக்கிறது என்று காரணம் சொல்வார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டிரைவிங் ஸ்கூலில் ஒருவர் இறங்க, அடுத்தவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சொல்லித் தருவார்கள். எப்படி உட்கார வேண்டும் என்று நின்று நிதானமாகச் சொல்லித் தருபவர்கள் அரிது.

வீட்டு நாற்காலியில் உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கும், உடம்பின் எடையில் ஒரு பங்கைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். காரில் அப்படி இல்லை. கால்களுக்குப் பெடலில் வேலை இருக்கிறது, அவற்றால் உடம்பைத் தாங்க முடியாது. இடுப்பைப் பிடித்து நிறுத்துகிற முழுப் பொறுப்பும் சீட்டுக்குத்தான். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி, அதற்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். முதுகை வளைத்து முன்னால் குனிந்து உட்காரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் கூடுகிறது. சற்றுப் பின்னால் சாய்ந்து, கீழ்முதுகுக்குத் தாங்கலும் கொடுத்தால் குறைகிறது. இதோடு வண்டியின் அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 6 தடவை மேலும் கீழுமாக ஆடும் அதிர்வை அதிகமாக வாங்கிக்கொள்ளும். ஓடும் வண்டியின் சீட்டில் அந்த வேக அதிர்வு இருக்கத்தான் செய்கிறது. முதுகு வளைந்த நிலையில் அதை மணிக்கணக்காக வாங்கினால் டிஸ்க் எத்தனை காலம் பொறுக்கும்?

பலர் காரில் ஏறியதும் முதலில் முதுகுச் சாய்மானத்தைத் தொடுகிறார்கள், இல்லையென்றால் கண்ணாடியை. நான் இடது காலில் தொடங்கச் சொல்வேன். நம் ஊர் வண்டிகளில் கிளட்ச்சை அமுக்குவது இடது கால். நகர நெரிசலில் உடம்பிலேயே அதிக வேலை அதற்குத்தான்.

டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார், நாற்பது வயதைத் தாண்டியவர். இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை குடைச்சல். பயிற்சி செய்தால் ஓரிரு நாள் நன்றாக இருக்கும், வண்டி எடுத்தால் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் அவரோடு கீழே இறங்கிப் போய், அவர் வண்டியிலேயே உட்காரச் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணா, எப்பவும் போல உட்காருங்க."

உட்கார்ந்தார். இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் என் உள்ளங்கை முழுதாக உள்ளே போனது. "கிளட்ச்சை முழுசா அமுக்குங்க" என்றேன். கால் நீட்டிக்கொண்டே போய், முட்டி விறைத்து, அப்புறமும் எட்டாமல், இடது பக்க இடுப்பு சீட்டிலிருந்து முன்னால் நழுவியது. நேராக இருந்த பேன்ட் பெல்ட் பக்கிள் வலது பக்கம் திரும்பியது. காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது.

"பக்கிள் எங்க போச்சுன்னு பாத்தீங்களா?"

அவரே குனிந்து பார்த்தபடி இன்னொரு முறை அமுக்கினார். "அட, ஆமாங்க. நான் தள்ளி உட்கார்ந்தா ஃப்ரீயா இருக்கும்னு நினைச்சேனுங்க."

ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இடுப்பெலும்பு இப்படி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்கிறது. ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். போதாததற்கு வலது பின்பாக்கெட்டில் லைசென்ஸ், பில், சில்லறை என்று தடித்த பர்ஸ். அதன் மேல் உட்கார்ந்தால் ஒரு பக்க இடுப்பு உயர்ந்துவிடும், பிட்டத்தின் வழியாக இறங்கும் நரம்பும் நசுங்கும். பர்ஸை எடுத்து கியர் பக்கத்துப் பள்ளத்தில் வைத்தோம். சீட்டை இரண்டு பல் முன்னால் நகர்த்தினோம். பிட்டத்தைச் சீட்டின் மூலைவரை தள்ளி உட்கார்ந்து கிளட்ச்சை அடிவரை அமுக்கும்போது, முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அளவு இதுதான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில் வலது காலால் பிரேக்கை அழுத்தி அமுக்கி இதையே பாருங்கள்.

"ரொம்ப ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருக்குங்க" என்றார் அவர். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பு பழைய நிலைக்குப் பழகியிருக்கிறது, புதியதற்குப் பழகச் சில நாள் பிடிக்கும். அவருக்கு அப்புறம்தான் பயிற்சிகள் வேலை செய்யத் தொடங்கின, குடைச்சல் படிப்படியாக இறங்கியது. அதற்காக ஒரேயடியாக முன்னால் தள்ளிவிடாதீர்கள். முட்டி அளவுக்கு மீறி மடங்கியிருந்தால் முட்டிச் சிப்பிக்குப் பின்னால் வலி தொடங்கும். கிளட்ச் தேவையில்லாத நேரத்தில் இடது பாதத்தை அதன் மேலேயே தொங்க விடாமல், பக்கத்தில் இருக்கும் கால்மேட்டில் ஊன்றி வையுங்கள். இடுப்புக்குக் கிடைக்கிற ஓய்வு அதுதான்.

கால் சரியான பிறகு உயரம். இடுப்பு முட்டிக்குச் சமமாகவோ, சற்று மேலாகவோ இருக்க வேண்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முஷ்டி அளவு இடம் இருந்தால் போதும். விலை குறைந்த மாடல்களில் உயரத்தை மாற்றும் லீவரே இருக்காது. குள்ளமானவர்கள் வீட்டுத் தலையணையைப் போட்டு உட்காருகிறார்கள். அது வேண்டாம். மெத்தென்ற தலையணை பிரேக் போடும்போது அமுங்கி நழுவும், உடம்பு சீட் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய்விடும். பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த, கெட்டியான ஃபோம் குஷன் கிடைக்கிறது. அதை நழுவாதபடி பொருத்திக்கொள்ளலாம்.

இப்போது சாய்மானம். தொடைக்கும் முதுகுக்கும் நடுவில் 100 முதல் 110 டிகிரி, அதாவது நேர் செங்குத்தைவிடக் கொஞ்சம் சாய்வு. படுத்தாற்போல ஓட்டுவது சொகுசு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். உடம்பு பின்னால் சாய்ந்தால் ரோட்டைப் பார்க்கத் தலை முன்னால் நீள வேண்டும். கழுத்து வலியோடு வரும் பல இளைஞர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். இரண்டு தோளும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நேராக நீட்டி ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். மணிக்கட்டு அங்கே படிந்தால் சாய்மானம் சரி. உள்ளங்கை மட்டும் எட்டினால் சாய்வு அதிகம். ஓட்டும்போது கைகள் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இருக்கட்டும். முன்பு 10, 2 என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏர்பேக் விரியும் வண்டிகளில் கை அதன் வழியில் இல்லாமல் இருப்பதுதான் நல்லது.

நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும், ஒட்டி உட்கார்ந்திருப்பவரைக் காப்பதற்குப் பதில் காயப்படுத்தவும் கூடும். உயரம் குறைந்த பெண்களுக்கு இது உண்மையான சிக்கல். ஐந்தடி உயரமுள்ள ஒரு ஆசிரியை வந்திருந்தார். இரண்டு தோளும் காதுவரை ஏறி நிற்க, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தாற்போல ஓட்டுவார். பேனட் தெரியவில்லை என்று முன்னால் குனிந்து குனிந்து அப்படியே பழகிவிட்டது. அவருக்குச் சீட்டைப் பின்னால் தள்ளச் சொன்னால் கிளட்ச் எட்டாது. உயரத்தை ஏற்றி, சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் விட்டு, ஸ்டியரிங்கைக் கீழே இறக்கியதும் பார்வையும் கிடைத்தது, இடைவெளியும் கிடைத்தது. தோள் தானாக இறங்கியது. வண்டி வாங்கப் போகும்போது பெண்கள் கலர், மைலேஜ் பார்ப்பதற்கு முன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தியே சொல்கிறேன். வீட்டு ஆண்கள் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வது போதாது.

கீழ்முதுகுத் தாங்கலுக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. நம் ஓட்டுநர்கள் சீட்டில் விரித்திருக்கும் துண்டையே உருட்டி, பேன்ட் பெல்ட் கட்டும் உயரத்தில் வையுங்கள். முதுகை முன்னால் தள்ளும் அளவுக்குத் தடிமன் வேண்டாம், பள்ளம் நிரம்பினால் போதும்.

ஹெட்ரெஸ்ட் தலை சாய்த்துத் தூங்குவதற்கானது அல்ல. பின்னால் வந்து இன்னொரு வண்டி இடித்தால் தலை பின்னோக்கி வீசப்படும், அப்போது கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை அளவுக்கு இருக்கட்டும், தலைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். கழுத்துக்கு என்று விற்கும் கொழுத்த தலையணைகளைச் சிலர் அதில் கட்டிவிடுகிறார்கள். அவை தலையை நாள் முழுக்க முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். கழட்டிவிடுங்கள்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுக்குக் கீழே போகட்டும், மேல்பட்டை மார்புகளின் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும்.

கண்ணாடிகளைக் கடைசியாகத்தான் திருப்ப வேண்டும். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து நடுக்கண்ணாடியைச் சரிசெய்தால் இன்னொரு பலனும் உண்டு. ஓட்ட ஓட்ட உடம்பு தளர்ந்து இறங்கும்போது பின்கண்ணாடிக் காட்சியில் ஒரு பகுதி மறைந்துவிடும். அப்போது கண்ணாடியைத் தொடாதீர்கள், முதுகை நிமிர்த்துங்கள்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருக்க உடம்பு படைக்கப்படவில்லை. கோவையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், கையை இடுப்பில் ஊன்றிப் பின்னால் மெல்ல வளையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தவுடன் குனிந்து கனம் தூக்குவது டிஸ்க்குக்கு ஆபத்தான வேலை. கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

சீட்டைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வலியைத் தள்ளிப்போடவும் கூடாது. இருமினால் காலுக்குள் ஷாக் அடிப்பது போல இழுப்பது, பாதத்தைத் தூக்க முடியாமல் பலம் குறைவது, கால் மரத்துக்கொண்டே போவது இதெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே காரைக் கணவன் மனைவி மாறி மாறி ஓட்டும் வீடுகளில், பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று இரண்டு பேர் ஓட்டும் டாக்ஸிகளில், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குவது அலுப்புதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, அங்கிருந்து முன்னால் நகர்த்தும்போது எத்தனை 'கடக்' கேட்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவரவர் எண்ணிக்கையைச் சன்வைசருக்குப் பின்னால் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த முறை நொடியில் வேலை முடிந்துவிடும்.