அடி எங்கே விழுந்தது?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரியவர்களிடம் துப்பாக்கிப் பேச்சை எடுத்தால், ராகிக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்த கதையும் மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியும்தான் முதலில் வரும். ரிவால்வர் அபூர்வம். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் பெரியப்பா, சிறுவயதில் ஒரு மிட்டாதார் (ஜமீன்தார் போன்றவர்) வீட்டில் பார்த்த குட்டி ரிவால்வர் என்ன வகை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தந்த நிறப் பிடி என்கிறார். அது உதவாது, பிடியை யாரும் மாற்றிவிடலாம். ஆனால் காலித் தோட்டா ஒன்றைக் கோலிக்குண்டுகளோடு வைத்திருந்தாராம். அதன் அடியில் தழும்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். "ஓரத்துல" என்றார். சரி, அப்படியானால் அது ரிம்ஃபயர், அதாவது விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை.

மற்ற தோட்டாக்களின் அடியில், நடுவில், தட்டினால் பற்றும் கலவை வைத்த ஒரு சின்னத் தொப்பி தனியாகச் செருகியிருக்கும். துப்பாக்கிச் சுத்தியின் அடி அங்கே விழும். ரிம்ஃபயரில் தொப்பியே கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளீடற்ற மடிப்பாக இருக்கும். தட்டினால் பற்றும் கலவையை ஈரமாக உள்ளே இட்டுக் கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை ஓடிப்போய் மடிப்புக்குள் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் வெடிமருந்து, மேலே ஈயக்குண்டு. விளிம்பில் ஓரிடம் நசுங்கினால் போதும், எல்லாம் பற்றிக்கொள்ளும்.

நசுங்குவதற்குப் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் இன்று இந்த முறை பெரும்பாலும் .22 (அங்குல அளவு) போன்ற சின்னத் தோட்டாக்களோடு நின்றுவிட்டது. காலிக் கூட்டை மறுபடி நிரப்பவும் வழியில்லை.

தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடியிருந்தால், சுத்தியின் முனை சிலிண்டரில், அதாவது தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளையில், ஓட்டையின் விளிம்பைக் குத்திப் பள்ளமாக்கியிருக்கும். பொருளுக்குக் கேடு, ஆனால் நல்ல அடையாளம்.

அப்புறம் சிலிண்டரின் ஓட்டைகளை எண்ண வேண்டும். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த முதல் மாடலில் ஏழு. விசையைச் சுற்றி வளையம் இருக்காது. குழலை மேலே மடித்து, சிலிண்டரையே கழற்றித்தான் நிரப்ப வேண்டும். ஒன்பது ஓட்டையும் வளையமும் இருந்தால் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸன், ஐவர் ஜான்சன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் செய்தவை. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. (ELG) என்ற முத்திரை தெரிந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் சோதித்தது. மேலே கிரீடமும் இருந்தால் 1893-லோ அதற்குப் பிறகோ குத்திய முத்திரை.

பெரியப்பாவுக்கு வளையம் நினைவிருக்கிறது, ஓட்டைதான் "எட்டோ ஒன்பதோ". இந்த இழுபறியைத் தீர்க்க அந்த வீட்டுப் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தாலே போதும். துப்பாக்கியின் வகை, அளவு, எண் எல்லாம் அதில் எழுதியிருக்கும்.