ராணி இல்லை என்று முடிவுகட்டும் முன்

"தேனீப் பெட்டியைத் திறந்தேன், ராணித் தேனீயைக் காணோம். புது ராணி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "முட்டை இருந்ததா?" என்பதுதான். ராணியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. வெயில் தோளுக்கு மேலாக அறைகளுக்குள் விழும்படி தேனடையைப் பிடித்துப் பாருங்கள். அறையின் அடியில் ஒற்றை முட்டை நின்றால், கடந்த 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது.

முட்டை இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். பழைய ராணி போய், புதியது உருவாகிக்கொண்டிருக்கலாம். முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள். அது பறந்துபோய் ஆண் தேனீக்களோடு கூடி, முட்டையிடத் தொடங்க மேலும் இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். கன்னி ராணி சிறியது, ஓரிடத்தில் நிற்காது. பழகிய கண்ணுக்கும் தப்பிவிடும். அது உள்ளே இருக்கும்போது வாங்கிய ராணியை விட்டால், பெரும்பாலும் வந்ததைக் கொன்றுவிடும். தொடக்க காலத்தில் நானும் அப்படி ஒரு ராணியைப் பறிகொடுத்தேன். மறுநாள் காலை வாசல் பலகையில் கிடந்தது. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அதனால் முதலில் சோதனை அடை. நோயற்ற, வலுவான இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஓர் அடையை அதன் சட்டத்தோடு எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு (அந்தப் பெட்டியின் ராணி அதில் ஒட்டியிருக்கக் கூடாது) நடுவில் வையுங்கள். நான்காம் நாள் பாருங்கள். நிலக்கடலை போல ராணி அறைகள் (புது ராணியை வளர்க்கக் கட்டுபவை) தொங்கினால் ராணி இல்லை. அறை கட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ ஒரு ராணி இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ராணி அறை கட்டிய கூட்டத்தில் தேனீக்கள் நிறைய இருந்து, ஆண் தேனீக்களும் பறக்கும் காலமென்றால் வளர்க்க விடலாம். கூட்டம் மெலிந்திருந்தால் அது தாங்காது. ராணி உருவாகி, முட்டையிட்டு, அந்த முட்டை பணித் தேனீயாக இன்னும் 3 வாரம் வேண்டுமே! அங்கே அறைகள் அனைத்தையும் அகற்றிவிட்டு, இணைசேர்ந்த ராணியைக் கூண்டில் வைத்துக் கொடுப்பதே நல்லது.

ஓர் அறையில் நாலைந்து முட்டைகள், அவையும் சுவரில் ஒட்டியபடி; பணித் தேனீ அறைகளிலேயே குமிழ்போல் புடைத்த மூடிகள். இவை பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டதைக் காட்டும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள்தான் வரும். புது ராணி சில நாள் அறைக்கு இரண்டு முட்டை இடுவதுண்டு, ஆனால் அடியில் இடும். இந்தியத் தேனீயில் இந்த நிலை இத்தாலியத் தேனீயைவிடச் சீக்கிரம் வருவதால் தாமதிக்கக் கூடாது. இப்படிப்பட்ட கூட்டம் புது ராணியை ஏற்பது அரிது. பணம் கொடுத்து ராணி வாங்காமல், ராணியுள்ள வலுவான பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளையிட்டு, மாலையில் இந்தப் பெட்டியை மேலே ஏற்றிவிடுங்கள். தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும்.