சுடுமல்லி: ஒரு களையின் பெயர்

பல்லடம் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் இந்தச் செடியை எனக்கு முதலில் காட்டியவர் அப்பத்தா. முழங்கால் உயரம்கூட இல்லை. மெலிந்த பச்சை இலை, உச்சியில் நாலைந்து வெள்ளைப் பூ. பிடுங்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். "இழுக்காத கண்ணு, வேரு அந்துரும்." களைக்கொத்தால் சோளத்தூரோடு மண்கட்டியைப் பெயர்த்து, குடத்துத் தண்ணீரில் அலசினார். சோள வேரின்மேல் கடுகளவு முடிச்சு. அந்த முடிச்சிலிருந்துதான் வெள்ளைப் பூச்செடி கிளம்பியிருந்தது. "மல்லியாட்டப் பூத்துக்கிட்டு சோளத்தச் சுட்டுப்போடும். அதான் சுடுமல்லி."

மல்லி என்றால் இங்கே பூ, குழம்புக்குப் போடும் மல்லி அல்ல. பயிர்வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சிவிடும்; ஈரம் இருந்தும் பயிர் தீய்ந்ததுபோல வாடுவதால் 'சுடு'. இலக்கணப்படி சுடுமல்லி வினைத்தொகை. சுட்ட, சுடுகின்ற, சுடும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்தக் களைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பயிரைப் பெரும்பாலும் சுட்டு முடித்திருக்கும். ஒரே செடி உதிர்க்கும் பல்லாயிரம் விதைகள், தூசி போன்றவை, பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடந்து இனிமேலும் சுடும்.

தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ரைகா ஏசியாடிகா. லத்தீனில் ஸ்ட்ரைகா என்றால் சூனியக்காரி. ஆங்கிலப் பெயரும் அதே பொருளில் அமைந்தது. அதைப் பார்த்துத் தமிழில் 'சூனியக்களை' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சூனியம் என்றால் காரணம் தெரியாது என்றாகிவிடும். சுடுமல்லி என்ன செய்கிறது என்பதைப் பெயரே சொல்கிறது. வகையைக் குறிக்க 'வேர் ஒட்டுண்ணிக் களை' என்று எழுதலாம். பச்சை இலை வைத்துக் கொஞ்சம் தானும் உணவு ஆக்கிக்கொள்வதால் 'அரை ஒட்டுண்ணி' என்பது இன்னும் சரி.

இந்த விதை மழை பெய்தால் மட்டும் முளைக்காது. பக்கத்தில் பயிர்வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருள் எட்டினால்தான் முளைக்கும். அப்பொருளை 1966-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முதலில் பிரித்தெடுத்தது, வேடிக்கை என்னவென்றால், பருத்தி வேரிலிருந்து. ஸ்ட்ரைகால் என்று பெயர் வைத்தார்கள். பருத்தி வேரில் சுடுமல்லி ஒட்ட முடியாது. பருத்தியை நம்பி முளைத்த விதை பிடிமானம் கிடைக்காமல் சில நாளில் செத்துவிடும். கரிசல் காட்டில் ஒரு போகம் பருத்தி, மறு போகம் சோளம் என்று மாற்றி வைத்த நம் பழக்கத்துக்குள் இப்படியொரு மருந்து இருந்தது. களையை முளைக்கவைத்துச் சாகடிக்கும் இப்படிப்பட்ட பயிருக்குப் 'பொறிப்பயிர்' என்பது நல்ல சொல். பயிர் எதற்காக அப்பொருளைக் கசியவிடுகிறது என்பது 2005-இல் ஜப்பானிய ஆய்வில் தெளிவானது: சத்து உறிஞ்ச உதவும் வேர்ப்பூஞ்சையை அழைக்கத்தான். அந்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது.

1956-இல் அமெரிக்காவின் வட கரோலினா மக்காச்சோளக் காட்டில் இது தென்பட்டபோது, எங்கள் நாட்டுக் களைபோல இருக்கிறதே என்று அடையாளம் காட்டியவர் அங்கே வந்திருந்த இந்திய மாணவர் ஒருவர். ஆப்பிரிக்காவில் இதன் உறவுச்செடி சோளத்தைச் சூறையாடுகிறது. அதைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. என்13 என்ற இந்தியச் சோளத்தின் எதிர்ப்புத்திறனை ஐக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் வழியாகச் சூடான் நாட்டு ரகங்களில் ஏற்றியிருக்கிறார்கள்.

வேளாண் அலுவலகத்தில் 'ஸ்ட்ரைகா' என்று சொல்ல வராவிட்டால் தயங்க வேண்டாங்க. சுடுமல்லி என்றாலே அவர்களுக்குப் புரியும். பூ விதையாகும் முன்னே, அப்பத்தா செய்ததுபோல மண்ணோடு பெயர்த்தெடுங்கள்.